அரபுப் பெயருக்குப் பக்கத்தில் எண் ஏன் இடம் மாறுகிறது?

தமிழ்ச் செயலியில் 'பெயர் - 3 கருத்துகள்' என்றொரு வரி. அரபுப் பெயர் கொண்டவர் வந்ததும் அதே வரி '3 - பெயர் கருத்துகள்' என்று திரையில் புரண்டு நிற்கும். நினைவகத்தில் வரிசை சரிதான். இடைவெளிக்கும் கோட்டுக்கும் சொந்தத் திசை இல்லை. அரபு வலமிருந்து இடமாக ஓடும். ஒருபுறம் அரபு எழுத்து, மறுபுறம் எண் என்று சிக்கினால், எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீட்டுத் தரமான யூனிகோடின் இருதிசை விதி அவற்றை எண்ணோடு சேர்த்து அரபுப் பக்கம் இழுத்துவிடும். இதைச் சரிசெய்யும்போது வழக்கமாக நடக்கும் தவறுகள் இவை.

பழைய உட்பொதிவுக் குறிகளால் சுற்றுவது

புதியவர்கள் உடனே செய்வது இதுதான்: கண்ணுக்குத் தெரியாத இரண்டு திசைக் குறிகள், பெயருக்கு முன் யூ+202B (வலமிருந்து இட உட்பொதிவின் தொடக்கம்), பின் யூ+202C (அதன் முடிவு). புரண்ட வரி அப்படியே இருக்கும். உட்பொதிந்த துண்டு, வெளியே இருப்பவற்றின் கண்ணுக்கு இன்னும் ஓர் அரபு எழுத்துதான். ஆகவே 3 மறுபடியும் அதோடு ஒட்டிக்கொள்கிறது. சிலர் அதன்மேல் யூ+200E என்ற இடமிருந்து-வலக் குறியை ஒட்டுவார்கள். தமிழில் சரியாகும், அதே வார்ப்புரு அரபுக்கு மொழிபெயர்க்கப்பட்டதும் எதிர்த் திசைக் குறி தேவைப்படும். எத்தனை மணி நேரம் இதில் வீணாகிறது!

இதற்காகவே 2013-இல் யூனிகோடு 6.3 தனிமைக் குறிகளைத் தந்தது. பெயருக்கு முன் யூ+2068, பின் யூ+2069. உள்ளே இருப்பது வெளியே யாரையும் இழுக்காது. யூ+2068 உள்ளே வரும் முதல் திசையுள்ள எழுத்தைப் பார்த்து முடிவெடுக்கும். திசை முன்பே தெரிந்தால் யூ+2066 (இடமிருந்து வலம்) அல்லது யூ+2067 போடுங்கள். பெயரை 20 எழுத்தில் வெட்டுவதானால் முதலில் வெட்டி, பிறகு சுற்றுங்கள். வெட்டும்போது யூ+2069 போய்விட்டால், பத்தி முடியும்வரை உள்ளதெல்லாம் தனிமைக்குள் அடைபடும்.

ஹீப்ருவில் மட்டும் சோதிப்பது

'407-12' என்ற பாக எண், வலமிருந்து இடமாகவே ஓடும் ஹீப்ரு வரியில் அப்படியே நிற்கும். அரபு எழுத்துக்குப் பின் வந்தால் '12-407' ஆகும். சாய்கோடு போட்டால் புரளாது, கோடுதான் புரளும். பாக எண்ணை யூ+2066, யூ+2069 இடையே வையுங்கள்.

தரவுத்தளத்தில் சேமிப்பது

குறிகளைச் சேமிக்காமல், காட்டும் நேரத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனிமைக் குறி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு சேமிப்பு முறையில் 3 பைட். சேமித்துவிட்டால் தேடலும் ஒப்பீடும் காரணம் தெரியாமல் தோற்கும். விண்டோஸின் சான்றிதழ்ச் சாளரத்திலிருந்து நகலெடுத்த கைரேகை எண்ணின் (thumbprint) முன்னால் கண்ணுக்குத் தெரியாத யூ+200E ஒட்டிவந்து பலரைத் திண்டாட வைத்திருக்கிறது.

யூ+202E பயன்படுத்துவது

வேண்டாம். எழுத்துகளை வலமிருந்து இடமாகக் கட்டாயப்படுத்தும் குறி இது; 'gpj.exe' என்று முடியும் கோப்புப் பெயரை 'exe.jpg' என்று காட்டி ஏமாற்ற இதைப் பயன்படுத்துகிறார்கள். நிரல் மூலத்தில் திசைக் குறிகள் புகுந்தால் உரைத்திருத்தி எச்சரிக்கும்படி அமையுங்கள்.