வேறு சபையார் நடத்தும் இல்லத்துக்குக் காணிக்கை கொடுக்கலாமா? கமிட்டி முடிவெடுக்க ஒரு வழி

அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தை எண்ணி முடித்த கையோடு சபைக் கமிட்டியில் இந்தக் கேள்வி வந்துவிடும். "திருமங்கலம் பக்கம் ஒரு முதியோர் இல்லம் உதவி கேட்டிருக்கிறது. நடத்துகிறவர்கள் பெந்தெகொஸ்தே. நாம சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). கொடுக்கலாமா?" ஒருவர் நல்ல சமாரியனைச் சொல்வார், இன்னொருவர் வேறு உபதேசத்தோடு வருகிறவனை வீட்டில் ஏற்காதே என்கிற 2 யோவான் 10-ஐ எடுத்துப் படிப்பார், ஆயர் கடிகாரத்தைப் பார்ப்பார். வசனத்துக்கு வசனம் என்று மோதவிட்டால் விடிய விடிய உட்கார வேண்டியதுதான். கொடுக்கும் பணம் எதைத் தொடுகிறது என்று பார்த்தால் அரை மணி நேரத்தில் முடிவு வரும்.

அந்த இரண்டு பகுதிகளும் ஒரே விஷயத்தைப் பேசவில்லை. 2 யோவான், கிறிஸ்து மாம்சத்தில் வந்ததை மறுத்துக்கொண்டு ஊர் ஊராய் வந்த போதகர்களைப் பற்றியது. அன்றைக்கு வீடுதான் சபை. வீட்டில் ஏற்றுக்கொண்டால் அவர்கள் போதனைக்கே இடம் கொடுத்ததாகும். நல்ல சமாரியன் கதை வரும் லூக்கா 10-இல் அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெயும் சத்திரக் காசும்தான் பேச்சு. கூடவே இன்னொன்று: அந்தக் கதையில் உபதேசம் பிசகியவன் என்று யூதர்கள் ஒதுக்கியது, கொடுத்தவனான சமாரியனைத்தான். கலாத்தியர் 6:10 ஒரு வரிசை சொல்கிறது. விசுவாச வீட்டாருக்கு முதலிடம் உண்டு, ஆனால் "யாவருக்கும்" என்ற சொல் அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

முதல் வேலை, கேட்கும் பணத்தைப் பிரிப்பது. சோறு, மருந்து, பள்ளிக் கட்டணம், செயற்கைக் கால் எல்லாம் உடம்புக்கான செலவு. போதகர் சம்பளம், கைப்பிரதி (பிரசாரத் துண்டுத்தாள்), வேதாகமப் பள்ளி, ஞானஸ்நானத் தொட்டி ஆகியவை உபதேசத்துக்கான செலவு. சண்டை வருவது இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வேன், கட்டடம், வார்டன் சம்பளத்தில். திங்கட்கிழமை கிழவிகளை மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் வேன்தான் ஞாயிறன்று கூட்டத்துக்கும் ஆள் ஏற்றுகிறது. பிரசங்கம் நாளைக்கே நின்றுபோனாலும் இந்தப் பொருள் அவர்களுக்கு வேண்டியிருக்குமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் அதை உடம்புக் கணக்கில் வையுங்கள்.

அடுத்து, வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பார்க்க வேண்டும். குழந்தை ஞானஸ்நானமா முழுக்கா, ஓய்வுநாள் சனியா ஞாயிறா, ரட்சணிய சேனையில் ஞானஸ்நானமும் திருவிருந்தும் இல்லையே என்பவை வீட்டுக்குள் நடக்கிற வாக்குவாதம். இந்த வகையில் உடம்புச் செலவுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். சி.எஸ்.ஐ.யே 1947 செப்டம்பர் 27 அன்று, பேராயர் (பிஷப்) பட்டம் வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் சேர்ந்து உண்டான சபை. மதுரையில் 1834-இல் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷனார் 'வேண்டாம்' பக்கத்து ஆட்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே கடவுள் என்கிற திரித்துவத்தையே ஏற்காத குழு என்றால், பசிக்குக் கொடுங்கள், அவர்கள் பத்திரிகைக்குக் கொடுக்காதீர்கள். கத்தோலிக்கப் பங்குகளில் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபையார் ஏழைகளின் வீட்டுக்கே போய் உதவுகிறவர்கள். அந்த வேலைக்குக் கொடுக்க ஒரு புராட்டஸ்டண்டுக்குத் தடை இல்லை. பூசைக் கருத்துக்கு, அதாவது ஒருவருக்காகப் பூசை வைக்க, காசு கட்டுவது வேறு, அதோடு இதைக் குழப்ப வேண்டாம். பிற மதத்தார் நடத்தும் மருத்துவப் பணிக்கும் இதே அளவுகோல்தான். அரவிந்தரின் பெயரைத் தாங்கிய ஆஸ்பத்திரியில் கண்புரை எடுத்துக்கொள்ளும்போது நம்மில் எவரும் உபதேசம் விசாரிப்பதில்லை.

இப்போது யாராவது ஒரு கூர்மையான கேள்வி கேட்பார்: "அரிசிக்கென்று 20,000 ரூபாய் கொடுத்தால், அவர்கள் அரிசிக்கு வைத்திருந்த 20,000 மிச்சமாகி கைப்பிரதிக்குப் போகுமே?" நியாயமான கேள்வி. ரசீதில் "அரிசிக்கு மட்டும்" என்று எழுதுவதால் இது தீராது. உங்கள் பணம் இல்லாவிட்டால் அவர்கள் வாங்கியே இருக்க மாட்டார்கள் என்கிற பொருளாகக் கொடுப்பது நல்ல வழி. பெரியவர்களுக்கான டயாப்பர், வாக்கர், பல்செட், ஒருவருடைய கண் ஆபரேஷன் செலவு போன்றவற்றைச் சொல்லலாம். மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ நேரடியாகவும் கட்டலாம். இது முடியாதபோது கடைசி ஆண்டு வரவுசெலவைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டுச் செலவு 30 லட்சத்தில் பிரசங்கத்துக்கு ஒரு லட்சம்தான் போகிறது என்றால், நீங்கள் கொடுப்பது திசைமாறும் என்று கவலைப்படத் தேவையில்லை. பாதிக்குப் பாதி என்றால் பொருளாகத்தான் கொடுக்க வேண்டும், அல்லது விட்டுவிட வேண்டும்.

உபதேசத்தை இவ்வளவு அலசுகிற கமிட்டிகள் காகிதத்தைப் பார்க்காமல் ஏமாறுவதுதான் அதிகம். அதுவும் "நம்ம சபைக்காரர் நடத்துவது" என்றால் கணக்குக் கேட்க யாருக்கும் வாய் வராது. உபதேசம் வேறாக இருக்கிறவரிடம் நாலு கேள்வி கேட்போம், தங்குதடையில்லாமல் மோசம் போவது நம் ஆளிடம்தான்.

கேட்க வேண்டியவை: டிரஸ்ட் பத்திரம் அல்லது சங்கப் பதிவு, வருமான வரியில் 12ஏபி என்று நாம் பழகிய தொண்டு நிறுவனப் பதிவு, தணிக்கை செய்த கணக்கு. குழந்தைகள் இல்லம் என்றால் 2015 சிறார் நீதிச் சட்டப்படி பதிவுச் சான்று கட்டாயம். அது இல்லாமல் இல்லம் நடத்துவது குற்றம், ஓராண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. "விண்ணப்பித்திருக்கிறோம்" என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்த பிறகு கொடுங்கள்.

வரிச் சலுகை எதிர்பார்க்கிறவர்களுக்கு: 80ஜி என்று நாம் பழகிய, நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டுமே. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, அரிசியாகக் கொடுத்தாலும் கிடைக்காது. சபைக் கவரில் போட்டு, கமிட்டி அதை இல்லத்துக்கு அனுப்பினால் உங்கள் பெயருக்குச் சான்று வராது. ஒரு மதத்தாருக்காக மட்டுமே என்று பத்திரத்தில் எழுதிய டிரஸ்டுக்கும் பொதுவாக இந்தச் சலுகை இல்லை. ஆகவே 80ஜி வைத்திருப்பதே, அங்கே எல்லாருக்கும் சோறு உண்டு என்பதற்கு ஓர் அடையாளம்.

வெளிநாட்டுப் பணத்தில் தனி எச்சரிக்கை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகன் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சம்பளத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் ஆகும். அப்போது பணத்தை வாங்கும் இல்லத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டும். சபைக்கு அந்தக் கணக்கில் வந்த பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுப்பதை அந்தச் சட்டத்தின் 2020 திருத்தம் தடை செய்துவிட்டது.

சொந்தப் பையா, சபைப் பையா என்பதையும் பிரியுங்கள். உங்கள் காசு உங்கள் மனச்சாட்சி. பொதுப் பணத்தில், சபைக்கென்று கைப்பிடி அரிசி எடுத்து வைத்த பாட்டியின் மனச்சாட்சியும் சேர்ந்திருக்கிறது. அதனால் தீர்மானப் புத்தகத்தில் தொகை, நோக்கம், "உபதேசப் பணிக்கு அல்ல" என்ற மூன்றையும் எழுதி, காசோலையாகக் கொடுங்கள். எதிர்ப்பு பலமாக இருந்தால் பொது நிதியைத் தொடாமல், ஒரு ஞாயிறு தனிக் காணிக்கைத் தட்டு வைப்பது நல்லது. விருப்பமுள்ளவர் போடட்டும்.

கொடுக்கும் விதத்திலும் தவறுகள் உண்டு. டிசம்பர் கடைசி வாரத்தில் ஓர் இல்லத்துக்குப் பத்து கேக்கும் எட்டுப் பிரியாணியும் வரும். ஜூனில் நோட்டு, சீருடை, கட்டணம் என்று அவர்கள் தவிக்கும்போது ஒருவரும் இருக்கமாட்டார்கள். ஜூனுக்குப் போங்கள். நாற்பது பெரியவர்கள் இருக்கும் இடத்தில் தலைக்கு 300 கிராம் என்றாலும் நாளுக்கு 12 கிலோ அரிசி ஆகும். ஒரு 26 கிலோ சிப்பம் இரண்டு நாள் தாங்கும், அவ்வளவுதான். பேனர் பிடித்துப் படமெடுக்க அது போதாது. படம் என்றதும் இன்னொன்று: இல்லத்துக் குழந்தைகளின் முகத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதையும் அதே சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது, தண்டனையும் உண்டு. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் இல்லம் என்றால் சனிக்கிழமை கணக்குப் பேசப் போகாதீர்கள், பன்றி இறைச்சியும் கொண்டு போகாதீர்கள்.

போன இடத்தில் ஜெபிக்கச் சொன்னால் ஜெபியுங்கள். மேடையேறி அவர்கள் ஊழியத்தைப் பாராட்டிப் பேசச் சொன்னால், கொடுத்தது முதியவர்களுக்காக என்பதை மட்டும் சொல்லிவிட்டு இறங்குங்கள். பணம் கொடுத்த உரிமையில் அங்கே நம் உபதேசத்தைப் பிரசங்கிக்கவும் கூடாது.

கொடுப்பதில்லை என்று முடிவானால் பதில் கடிதம் போடுங்கள். காரணம் உபதேசம் என்றால் அதையே எழுதுங்கள். "நிதி இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த மாதம் கோபுரத்துக்குப் பெயிண்ட் அடித்தால், அந்த வழியாகப் போகிற பஸ்ஸிலிருந்து இல்லத்துக்காரர் பார்க்கத்தான் செய்வார்.