போக்கிமான் அட்டையைக் கீழ் விளிம்பிலிருந்து படிப்பது எப்படி

பழைய போக்கிமான் அட்டைகள் கையில் கிடைத்தால் கண் முதலில் படத்துக்கே போகும். ஆனால் அது எந்த அட்டை என்பதைத் தீர்மானிப்பதில் படத்தின் பங்கு மிகக் குறைவு. மிட்சுஹிரோ அரிதா வரைந்த, சாரிசார்ட் என்ற போக்கிமானின் ஒரே ஓவியம், 1999ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வந்த அடிப்படைத் தொகுப்பில் 4/102 என்ற எண்ணிலும், 2000இல் வந்த இரண்டாம் அடிப்படைத் தொகுப்பில் 4/130 என்ற எண்ணிலும், 2002இன் லெஜண்டரி கலெக்‌ஷனில் 3/110 என்ற எண்ணிலும், 25ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2021இல் வந்த செலிப்ரேஷன்ஸ் தொகுப்பில் மீண்டும் 4/102 என்ற எண்ணிலும் இருக்கிறது. படம் ஒன்றுதான், அட்டைகள் வேறு, விலைகளும் வேறு. எனவே விலையைத் தேடுவதற்கு முன் அட்டையின் கீழ் விளிம்பைப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஆண்டைப் பற்றி முதலிலேயே ஒரு தெளிவு வேண்டும். ஜப்பானில் வீடியோ விளையாட்டு 1996 பிப்ரவரியிலும், அட்டை விளையாட்டு அதே ஆண்டு அக்டோபரிலும் வெளிவந்தன. தொலைக்காட்சித் தொடர் 1997 ஏப்ரலில்தான் தொடங்கியது. ஆங்கில அட்டைகள் 1999 ஜனவரியில் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தின் வழியாக வந்தன. அந்நிறுவனத்தின் உரிமை 2003இல் முடிந்தது. ஆகவே 1995ஆம் ஆண்டின் போக்கிமான் அட்டை என்று ஒன்று இருக்கவே முடியாது. பழைய அட்டைகளின் அடிவரியில் காணப்படும் 1995 என்ற எண், நின்டெண்டோ, கிரீச்சர்ஸ், கேம் ஃபிரீக் ஆகிய நிறுவனங்களின் பதிப்புரிமை தொடங்கும் ஆண்டைக் குறிப்பது மட்டுமே. அந்த வரியில் கடைசியாக வரும் ஆண்டுதான் நமக்குப் பயன்படும். விற்பனை விளம்பரங்களில் '1995 அரிய அட்டை' என்று எழுதியிருப்பதைக் கண்டால், விற்பவர் அறியாதவர் அல்லது வாங்குபவர் அறியாதவர் என்று நினைப்பவர் என்றே கொள்ளலாம்.

வகை பிரிக்கும்போது, விளையாட்டு அட்டைகள் அல்லாதவற்றை முதலில் ஒதுக்கிவிடுங்கள். தொலைக்காட்சித் தொடரின் காட்சிகளை அச்சிட்டு டாப்ஸ் நிறுவனம் 1999 முதல் வெளியிட்ட சேகரிப்பு அட்டைகள் பல பெட்டிகளில் கலந்து கிடக்கும். அவற்றில் விளையாட்டுக்குரிய தாக்குதல் விவரங்களோ உயிர்ப்புள்ளி (HP) எண்ணோ இருக்காது, பின்புறமும் வேறாக இருக்கும். அவற்றையும் விரும்பிச் சேர்ப்பவர்கள் உண்டு. ஆனால் அவற்றைக் கீழே சொல்லப்படும் முறையால் அடையாளம் காண இயலாது.

அடிவரியைப் படித்தல்

விசார்ட்ஸ் கால ஆங்கில அட்டையில் கீழே இடப்பக்கம் ஓவியரின் பெயரும், நடுவில் பதிப்புரிமை வரியும், வலப்பக்கம் வரிசை எண்ணும், அட்டை எவ்வளவு அரிது என்பதைக் காட்டும் அரிமைக் குறியும் இருக்கும். எந்தத் தொகுப்பு என்பதைக் காட்டும் சின்னம், படச்சட்டத்தின் வலது கீழ் மூலையை ஒட்டி அச்சாகியிருக்கும். அடிப்படைத் தொகுப்புக்குச் சின்னமே கிடையாது. 1999இல் பின்னர் வந்த ஜங்கிள், ஃபாஸில் தொகுப்புகளிலிருந்துதான் சின்னம் உண்டு. சின்னம் இல்லை என்பதை மட்டும் வைத்து அடிப்படைத் தொகுப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஜங்கிள் தொகுப்பின் மினுக்கும் அட்டைகளில் சில, சின்னம் விடுபட்ட பிழையச்சாகவே வெளியாகியிருக்கின்றன. எண்ணைப் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்: ஜங்கிளில் 64 அட்டைகள், அடிப்படைத் தொகுப்பில் 102.

சாய்கோட்டுக்கு முன்னுள்ள எண் அந்த அட்டையின் இடத்தையும், பின்னுள்ள எண் தொகுப்பின் அளவையும் சொல்கிறது. முன்னெண் பின்னெண்ணை விடப் பெரிதாக இருந்தால் அது பிழையன்று; கணக்கில் காட்டாமல் சேர்க்கப்பட்ட மறைவு அட்டை அது. ஆங்கிலத்தில் இந்த வழக்கம் 2000இல் வந்த டீம் ராக்கெட் தொகுப்பின் டார்க் ரைச்சுவில் (83/82) தொடங்கியது.

அரிமைக் குறிகளில் வட்டம் சாதாரணத்தையும், சாய்சதுரம் அதைவிடக் குறைவாகக் கிடைப்பதையும், நட்சத்திரம் அரியதையும் குறிக்கும். 2023இல் தொடங்கிய ஸ்கார்லெட் அண்ட் வயலட் தொகுப்புகளில் நட்சத்திரங்களின் எண்ணிக்கையும் நிறமும் சேர்ந்து பேசுகின்றன: இரண்டு கருப்பு நட்சத்திரம் இரட்டை அரிமை, ஒரு பொன்னிற நட்சத்திரம் ஓவியச் சிறப்பு அட்டை, இரண்டு பொன்னிற நட்சத்திரம் அதனினும் அரிதான ஓவியச் சிறப்பு அட்டை. அதே ஆண்டில்தான் ஆங்கில அட்டைகளின் மஞ்சள் ஓரம் சாம்பல் நிறமாக மாறியது. தொகுப்புச் சின்னத்துக்குப் பதிலாக மூன்றெழுத்துக் குறியீடும் வந்தது. நட்சத்திரம் பார்த்ததும் மகிழ்ந்துவிட வேண்டாம். ஏராளமாக அச்சிடப்பட்ட தொகுப்பின் நட்சத்திர அட்டை ஒன்றும் கிடைத்தற்கரியது அல்ல.

ஜப்பானிய அட்டைகளுக்கு வேறு கண் வேண்டும். 1996இன் முதல் அச்சில் அரிமைக் குறியே இல்லை, அந்த இன்மைதான் அதன் அடையாளம். ஜப்பானிய அட்டைகளின் பின்புற வடிவமைப்பு இடையில் மாற்றப்பட்டது. ஆங்கில அட்டைகளின் பின்புறமோ 1999 முதல் மாறவில்லை.

அடிப்படைத் தொகுப்பின் மூன்று முகங்கள்

பலரும் தடுமாறும் இடம் இதுவாதலால் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். 1999இன் அடிப்படைத் தொகுப்பு அட்டைகள் முதல் பதிப்பு, நிழலற்றது, வரம்பிலா அச்சு என மூன்று வகையாக அறியப்படுகின்றன. முதல் பதிப்பில் படச்சட்டத்தின் இடது கீழ் மூலைக்கு அருகே, வட்டத்துக்குள் 1 என்ற எண் கொண்ட சிறு கருப்பு முத்திரை இருக்கும். முத்திரை இல்லையென்றால் படச்சட்டத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள். சட்டம் அட்டையின் மேல் எழுந்து நிற்பதுபோல ஒரு சாம்பல் நிழல் அங்கே விழுந்திருந்தால் அது வரம்பிலா அச்சு. பெரும்பாலான பெட்டிகளில் இருப்பது இதுதான். நிழல் இல்லாவிட்டால் நிழலற்ற வகை. முடிவை அடிவரியில் சரிபார்க்கலாம்: முதல் பதிப்பிலும் நிழலற்ற வகையிலும் பதிப்புரிமை வரி 1995, 96, 98, 99 என்று செல்லும், வரம்பிலா அச்சில் 1995, 96, 98 என்று நின்று, பிறகு விசார்ட்ஸ் நிறுவனத்துக்குரிய 1999 தனியே வரும்.

இந்த விதிக்கு ஒரு தொல்லையான விலக்கு உண்டு. மச்சாம்ப் 8/102 அட்டை சாதாரண பாக்கெட்டுகளில் வரவில்லை. இருவர் ஆடும் தொடக்கப் பெட்டியோடு வந்தது. நிழலுள்ள பிந்தைய அச்சிலும் அதில் முதல் பதிப்பு முத்திரை அப்படியே இருக்கும். முத்திரையைப் பார்த்துப் புதையல் என்று எண்ணி ஏமாறுபவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு அட்டையால்தான் ஏமாறுகிறார்கள்.

நிழலற்ற வகை என்பது அடிப்படைத் தொகுப்புக்கு மட்டுமே உரியது. ஜங்கிள் அட்டையையோ ஃபாஸில் அட்டையையோ நிழலற்றது என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள். 2016இல் வந்த எவல்யூஷன்ஸ் தொகுப்பு 1999இன் அட்டைகளைப் போலவே வேண்டுமென்றே வடிவமைக்கப்பட்டது. அதன் சாரிசார்ட் 11/108 என்ற எண்ணைத் தாங்கியிருக்கும், அடிவரியில் 2016 இருக்கும். செலிப்ரேஷன்ஸ் மறுஅச்சில் பழைய எண்ணே இருந்தாலும், 25 என்ற ஆண்டு நிறைவு முத்திரை அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

போலியைக் கண்டறிதல்

போலியை ஒரே சோதனையால் உறுதி செய்ய நினைப்பது தவறு. உண்மையானது என்று ஐயமின்றித் தெரிந்த, அதே காலத்தைச் சேர்ந்த ஓர் அட்டையை அருகில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிடுவதே அடிப்படை முறை. விலை குறைந்த சாதாரண அட்டையே இதற்குப் போதும். முதலில் அளவு: உண்மையான அட்டை 63 மில்லிமீட்டர் அகலமும் 88 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது, மூலைகள் நான்கும் ஒரே வளைவில் இருக்கும். அடுத்துப் பின்புறம்: போலிகளில் நீலம் வெளிறியோ ஊதா கலந்தோ இருப்பது வழக்கம். பிறகு எழுத்துகள்: ஆங்கிலத்தில் போக்கிமான் என்ற பெயரின் நடுவே, உயிரெழுத்தின் தலைமேல் வரும் சிறு சாய்கோடு போலிகளில் பலமுறை காணாமற்போயிருக்கும், எழுத்துருவின் தடிமனும் மாறியிருக்கும்.

கைப்பேசியின் விளக்கை அட்டையின் பின்னால் பிடித்துப் பார்க்கும் ஒளிச் சோதனை பரவலாகச் சொல்லப்படுகிறது. உண்மையான அட்டையின் இரு தாள் அடுக்குகளுக்கு நடுவே ஒரு கருநிற அடுக்கு இருப்பதால் ஒளி அதிகம் ஊடுருவாது. மலிவான போலிகளில் ஒளி தாராளமாகக் கசியும். எனினும் தடித்த தாளில் செய்த போலிகள் இந்தச் சோதனையில் தேறிவிடும் என்பதால், இதில் தோற்ற அட்டையைப் போலி என்று ஐயுறலாமே தவிர, வென்ற அட்டையை உண்மை என்று கொள்ளக் கூடாது. என் கணிப்பில் இதைவிட நம்பத்தக்கது உருப்பெருக்கிக் கண்ணாடி. படத்தின் நிறங்கள் சிறு புள்ளிகளால் ஆனவை, அது இயல்பே. ஆனால் உண்மையான அட்டையில் கருப்பு எழுத்துகள் புள்ளியின்றிக் கெட்டியாக, கூர்மையான ஓரத்துடன் நிற்கும். வருடி எடுத்து மறுபடி அச்சிட்ட போலியில் எழுத்துகளும் புள்ளிகளாகவே சிதறித் தெரியும்.

புதிய அட்டைகளில் விரலே நல்ல கருவி. முழுப்பட அரிய வகைகள் பலவற்றின் மேற்பரப்பில் நுண்ணிய வரிகள் புடைத்திருக்கும். போலிகளோ பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும். அட்டையைக் கிழித்துக் கருநிற அடுக்கைப் பார்க்கும் சோதனை, எவ்வித மதிப்பும் இல்லாத அட்டைக்கு மட்டுமே பொருந்தும்.

நிலையைப் பார்த்தல், பாதுகாத்தல்

அட்டையின் நிலையை நடுவமைப்பு, மூலை, விளிம்பு, மேற்பரப்பு என நான்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். படத்தைச் சுற்றியுள்ள ஓரம் இடமும் வலமும், மேலும் கீழும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். நீலப் பின்புறத்தைக் கருப்புத் துணியின் மேல் வைத்தால், விளிம்பில் நிறம் உரிந்து தெரியும் வெண்மை பளிச்சென்று தெரியும். பழைய அட்டைகளை முதலில் பிடிக்கும் நோய் இதுதான். மினுக்கும் பரப்பிலுள்ள கீறல்கள் நேரான ஒளியில் மறைந்துவிடும் என்பதால், விளக்கைச் சாய்த்துப் பிடித்து அட்டையை மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். அழுக்கு இருந்தால் உலர்ந்த மென்துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர், ரப்பர், விளிம்பு வெட்டுதல், பேனாவால் வெண்மையை மறைத்தல் ஆகியவை அட்டையின் மதிப்பை அழித்துவிடும். விளிம்பு வெட்டியதற்கும் வண்ணம் பூசியதற்கும் தர மதிப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமான மதிப்பெண் தருவதில்லை.

பாதுகாப்புக்குப் பெரிய செலவு தேவையில்லை. ஒவ்வோர் அட்டைக்கும் முதலில் ஸ்லீவ் எனப்படும் மென்மையான பிளாஸ்டிக் உறை. மதிப்புள்ளதற்கு அதன்மேல் டாப்லோடர் எனப்படும் கெட்டியான பிளாஸ்டிக் உறை. ஸ்லீவ் இன்றி நேராக டாப்லோடரில் நுழைத்தால் கெட்டிப் பிளாஸ்டிக்கே அட்டையைக் கீறும். ஆல்பத்தில் வைப்பதானால் பக்கவாட்டில் நுழைக்கும் பைகளுடையதும், பிவிசி என்ற பிளாஸ்டிக் கலவாததுமான பைண்டரைத் தேர்ந்தெடுங்கள். வட்ட வளையம் உள்ள பைண்டர்கள் முதுகோரம் இருக்கும் அட்டைகளில் பள்ளம் விழச் செய்யும். ரப்பர் பேண்டு கூடவே கூடாது. மினுக்கும் அட்டைகள் வளைவதற்குக் காரணம் ஈரப்பதம்: தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும், உலோகப் படலம் விரியாது, எனவே அட்டை வில்லாகிவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில், வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும்.

விலையும் தர மதிப்பீடும்

இப்போதுதான் விலையைத் தேடலாம். பிகாச்சு இல்லஸ்ட்ரேட்டர் அட்டை ஒன்று 52,75,000 டாலர் மதிப்பில் கைமாறிய செய்தியைப் படித்துவிட்டு வந்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். அது 1990களின் பிற்பகுதியில் ஓவியப் போட்டிப் பரிசாகத் தரப்பட்டது, எந்தப் பாக்கெட்டிலும் வந்ததன்று. உங்கள் அட்டைக்கு, விற்பவர் கேட்கும் விலையை விடுத்து, விற்று முடிந்த விலையைப் பாருங்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிக் காணலாம். டிசிஜிபிளேயர், கார்டுமார்க்கெட் ஆகிய அட்டை விற்பனைத் தளங்களிலும் விலைப் போக்கு கிடைக்கும். எண், பதிப்பு, மொழி, நிலை ஆகிய நான்கும் பொருந்தும் விற்பனைகளையே ஒப்பிட வேண்டும்.

பிஎஸ்ஏ, பெக்கெட், சிஜிசி போன்ற நிறுவனங்கள் அட்டையை ஆராய்ந்து 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, கெட்டிப் பெட்டியில் அடைத்துத் தருகின்றன. கட்டணமும் அஞ்சல் செலவும் சேர்ந்து, மதிப்பெண் ஏறினால் கிடைக்கும் கூடுதல் விலையை விழுங்கிவிடாத அட்டைகளை மட்டுமே அனுப்புவது நல்லது; விளிம்பு வெளுத்த அட்டைகளுக்குப் பெரும்பாலும் இது வீண் செலவு. அப்படி அடைக்கப்பட்ட அட்டையை வாங்கும்போது பெட்டியை மட்டும் நம்பக் கூடாது, ஏனெனில் பெட்டிகளையும் போலியாகச் செய்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் சீட்டிலுள்ள சான்றெண்ணை, மதிப்பெண் இட்ட நிறுவனத்தின் தளத்தில் இட்டு, அங்கே வரும் பெயரும் மதிப்பெண்ணும் கையிலிருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அங்கே படமும் இருந்தால் அட்டையின் ஓர அகலங்களையும் கீறல்களையும் அதனோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். உண்மையான சான்றெண்ணையே நகலெடுத்து ஒட்டிய போலிப் பெட்டிகளை எண்ணால் மட்டும் பிடிக்க முடியாது.