வெயில் ஊரில் சிறிய கேமிங் கணினிக்குக் கேசிங் தேர்ந்தெடுப்பது எப்படி?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் சிறிய கேமிங் கணினி வேண்டும் என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒரு காரணம் இருக்கும். தாமான் வீட்டின் கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கிடைக்கும் இடம் அவ்வளவுதான் என்பது ஒன்று. கோலாலம்பூரிலோ பினாங்கிலோ படிப்பவர்களும் வேலை பார்ப்பவர்களும் தீபாவளி விடுமுறைக்கு ரயில் ஏறும்போது கணினியையும் முதுகுப்பையில் போட்டுக்கொண்டு வர விரும்புகிறார்கள் என்பது மற்றொன்று. உங்களுடைய காரணம் எது என்பதைக் கேசிங், அதாவது பாகங்களை ஏற்றும் வெளிப்பெட்டி, பார்க்கத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சுமந்து செல்ல வேண்டியவருக்கு ஒவ்வொரு லிட்டரும் ஒரு கணக்கு. ஓரிடத்தில் வைத்திருப்பவருக்கு மேசையில் அது பிடிக்கும் அகலம்தான் முக்கியம், உயரம் சற்றுக் கூடினாலும் பாதகமில்லை. இந்த இரண்டு காரணமும் இல்லாதவர் சிறிய கேசிங் வாங்கவே வேண்டாம் என்பேன். மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற நடுத்தர அளவு மதர்போர்டும் (பாகங்கள் செருகப்படும் தாய்ப்பலகை), ஆசுஸ் ஏபி201 போன்ற 33 லிட்டர் கேசிங்கும் போதும். பணமும் மிஞ்சும், சூடும் குறையும்.

சிறிய கேசிங்குகள் லிட்டர் கணக்கில்தான் விற்கப்படுகின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் மில்லிமீட்டரில் பெருக்கிப் பத்து லட்சத்தால் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். பொதுவாக 20 லிட்டருக்குக் கீழே உள்ளவற்றையே இந்த வகையில் சேர்க்கிறார்கள்; 12 லிட்டர் என்பது ஏறக்குறைய ஒரு பத்து கிலோ அரிசிப் பையின் பருமன். ஆனால் விளம்பரத்தில் வரும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. கூலர் மாஸ்டர் என்ஆர்200 கேசிங்கை 18.25 லிட்டர் என்கிறார்கள். அது 360, 185, 274 மி.மீ. என்ற அளவுகளின் பெருக்கல். அடியில் உள்ள கால்களும் வெளியே துருத்தும் பாகங்களும் அதில் சேரவில்லை. அவற்றையும் சேர்த்து 376, 185, 292 மி.மீ. என்று அளந்தால் கணக்கு 20 லிட்டரைத் தாண்டிவிடும். பையிலோ அலமாரியிலோ அடங்குமா என்று பார்ப்பவர் இந்த இரண்டாவது அளவைத்தான் தேடிப் படிக்க வேண்டும்.

கேசிங்கை முதலில் பிடித்துப்போய் வாங்கிவிட்டு, அதற்குள் நுழையும் கிராஃபிக்ஸ் கார்டைப் பிறகு தேடுவது தலைகீழான வழி. கார்டை முதலில் முடிவு செய்யுங்கள். அதன் மூன்று அளவுகளையும் தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நீளத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். தடிமனைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தடிமனை ஸ்லாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்லாட், அதாவது கேசிங்கின் பின்பக்கத்தில் ஒரு கார்டுக்கு விடும் இடம், 20.32 மி.மீ., ஆகவே இரண்டரை ஸ்லாட் கார்டு ஏறக்குறைய 50 மி.மீ. தடிமன் இருக்கும். ஏறத்தாழ யாருமே பார்க்காதது உயரம், அதாவது மதர்போர்டின் ஸ்லாட்டிலிருந்து பக்கவாட்டுக் கதவை நோக்கி நீளும் அளவு. மின்கம்பி செருகும் இடம் பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. புதிய 16 முனை இணைப்பான் கொண்ட கார்டுகளில், செருகிய இடத்திலிருந்து 35 மி.மீ. வரை கம்பியை வளைக்காமல் விடுவது நல்லது என்பது வழக்கமான அறிவுரை. கார்டின் உயரத்தோடு அந்த 35 மி.மீ.யையும் கூட்டிய பிறகும் கதவு மூடுமா என்று பாருங்கள். கம்பியை அமுக்கிக் கதவை மூடிய கணினியை நான் பாதுகாப்பானது என்று சொல்ல மாட்டேன்.

கார்டுக்கு அடுத்து அறையின் வெப்பத்தைப் பார்க்க வேண்டும். இணையத்தில் வரும் கேசிங் விமர்சனங்கள் பெரும்பாலும் 20 முதல் 24 டிகிரி வரை குளிர்ந்த அறைகளில் செய்யப்படுபவை. நம் ஊரில் பிற்பகல் இரண்டு மணிக்கு, தகரக் கூரையின் கீழ், ஏர்கோன் இல்லாத அறையில் 33 டிகிரி என்பது சாதாரணம். அறையின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் உள்ளே இருக்கும் சில்லின் வெப்பமும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும் என்பதால், விமர்சனத்தில் 75 டிகிரி என்று படித்த கார்டு நம் வீட்டில் 85 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். இன்னொரு கணக்கும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு 200 வாட் வரை மின்சாரம் இழுக்கும். ரைசன் 5 7600 பிராசசரில் 65 வாட் என்று எழுதியிருந்தாலும் அது 88 வாட் வரை போகும். மற்ற பாகங்களையும் சேர்த்தால் 300 வாட்டைத் தொட்டுவிடும், அத்தனையும் கடைசியில் வெப்பமாகவே வெளியே வரும். மணிக்கு 90 கன மீட்டர் காற்று கேசிங் வழியாகப் போனால் அந்தக் காற்று சுமார் 10 டிகிரி சூடேறும். காற்று பாதியாகக் குறைந்தால் 20 டிகிரி ஏறும். நல்ல 120 மி.மீ. ஃபேனின் அட்டையில் 90 கன மீட்டர் என்று எழுதியிருக்கலாம், ஆனால் தூசு வடிகட்டியும் குறுகலான துளைகளும் குறுக்கே நிற்கும் கம்பிகளும் அதைக் கணிசமாகக் குறைத்துவிடும். ஆகவே கண்ணாடிக் கதவு எவ்வளவு அழகாக இருந்தாலும், துளையிட்ட கதவையே எடுங்கள். என்ஆர்200பி வாங்கினால் இரண்டும் பெட்டியிலேயே வருகின்றன. கண்ணாடியை விருந்தாளி வரும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது உள்ளமைப்புக்கு வருவோம். இந்த வகைக் கேசிங்குகளில் பெரும்பாலானவற்றில் 170 மி.மீ. சதுரமான மினி ஐடிஎக்ஸ் மதர்போர்டுதான் பொருந்தும். அதையும் கார்டையும் எப்படி வைக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. என்ஆர்200, என்கேஸ் எம்1 போன்றவற்றில் பெரிய கணினியில் இருப்பதைப் போலவே கார்டு நேராக மதர்போர்டில் செருகப்படும், அடியிலிருந்து ஃபேன்கள் அதற்குக் காற்றைத் தள்ளும். டான் ஏ4, ஃபார்ம்டி டி1, ஃபிராக்டல் டெரா போன்றவற்றில் மதர்போர்டும் கார்டும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்க, இரண்டையும் ஒரு ரைசர் கேபிள் இணைக்கும். இந்த இரண்டாவது அமைப்பில் கார்டு பக்கவாட்டுத் துளைகள் வழியாக வெளிக் காற்றை நேரடியாக உறிஞ்சுவதால், கார்டைப் பொறுத்தவரை அது கெட்ட ஏற்பாடு அன்று. அடி வாங்குவது பிராசசர்தான். டெராவை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் வந்த இந்த 10.4 லிட்டர் கேசிங்கில் நடுச்சுவரை நகர்த்தலாம். கார்டுக்கு 43 மி.மீ. தடிமன் மட்டும் போதுமென்றால் பிராசசர் கூலருக்கு 77 மி.மீ. உயரம் கிடைக்கும், கார்டுக்கு 72 மி.மீ. கொடுத்தால் கூலருக்கு மிஞ்சுவது 48 மி.மீ. எப்படிப் பிரித்தாலும் கூட்டுத்தொகை 120 மி.மீ.தான். அதே வேளையில் என்ஆர்200இல் 155 மி.மீ. வரை உயரமான கூலரை நிறுத்தலாம், அங்கே 120 மி.மீ. ஃபேனுடைய சாதாரண டவர் கூலரே வேலையை முடித்துவிடும்.

ஏர்கோன் இல்லாத அறைக்கு என் தேர்வு 15 முதல் 20 லிட்டர் வரையிலான, கார்டை நேராகச் செருகும் கேசிங்தான். பத்து லிட்டருக்குக் கீழே போக விரும்புபவர் கார்டின் ஆசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்: 115 வாட் ஆர்டிஎக்ஸ் 4060 அங்கே நிம்மதியாக ஓடும், 250 வாட் ஆர்டிஎக்ஸ் 5070 மூச்சுத் திணறும். கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பைக் குறைத்து ஓட்டுவது நல்ல வழிதான், ஆட்டத்தின் வேகம் சிறிதளவே குறையும். ஆனாலும் 250 வாட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு 180 வாட்டில் நிரந்தரமாக ஓட்டுவதற்கு, ஒரு படி கீழே உள்ள கார்டையே வாங்கியிருக்கலாம்.

ரைசர் கேபிள் உள்ள கேசிங்கைத் தேர்ந்தெடுப்பவர் அந்தக் கேபிள் பிசிஐஇ (கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் முறை) 3.0 வகையா, அதைவிட வேகமான 4.0 வகையா என்று கேட்க வேண்டும். பழைய 3.0 கேபிளில் 4.0 கார்டைப் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கலாம். கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் ஸ்லாட்டின் வேகத்தைக் கையால் குறைத்தால்தான் படம் வரும். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகள் 5.0 வகை என்பதால் 4.0 கேபிளிலும் இதே தொல்லை வரலாம். அந்த அமைப்பை மாற்றவே ஒரு படம் தேவை என்பதால், ரைசன் 7600 போல உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள பிராசசர் இருப்பது கைகொடுக்கும். பழைய கேசிங் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. என்இசட்எக்ஸ்டி எச்1 கேசிங்கின் முதல் பதிப்பு, ரைசரைப் பிடிக்கும் திருகுகள் மின்கசிவை உண்டாக்கித் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் 2021இல் திரும்பப் பெறப்பட்டது. மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தால், ரைசர் மாற்றப்பட்டதற்கான ஆதாரத்தைக் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் வாங்காதீர்கள்.

பவர் சப்ளையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிறிய கேசிங்குகளுக்கான எஸ்எஃப்எக்ஸ் வகையின் ஆழம் 100 மி.மீ., எஸ்எஃப்எக்ஸ் எல் வகையின் ஆழம் 130 மி.மீ. அந்த 30 மி.மீ. வித்தியாசம் சிறிய கேசிங்கில் கம்பிகள் மடங்கும் இடத்தையே தின்றுவிடும் என்பதால், இரண்டும் பொருந்தும் என்று எழுதியிருந்தாலும் சிறியதையே எடுங்கள்.

தண்ணீர்க் குளிரூட்டி வைக்கலாமா என்று கேட்பார்கள். 11 லிட்டர் அளவுள்ள லியான் லி ஏ4 எச்2ஓ போன்றவை தண்ணீரின் சூட்டை வெளியேற்றும் 240 மி.மீ. ரேடியேட்டருக்காகவே வடிவமைக்கப்பட்டவை, நன்றாகவும் வேலை செய்கின்றன. ஆனாலும் நான் காற்றுக் கூலரின் பக்கம்தான். பம்ப் பழுதானால் மாற்றுக்கு ஈப்போவுக்கோ கூரியருக்கோ காத்திருக்க வேண்டும், அதுவரை கணினி வெறும் பெட்டி. காற்றுக் கூலரில் பழுதாகக்கூடியது ஃபேன் ஒன்றுதான், 120 மி.மீ. ஃபேன் எந்த ஊர்க் கணினிக் கடையிலும் கிடைக்கும். இதே காரணத்தால் 15 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய ஃபேன்களை மட்டுமே ஏற்கும் கேசிங்கையும் தவிர்க்கிறேன்.

தூசைப் பற்றியும் பூச்சியைப் பற்றியும் வெளிநாட்டு விமர்சனங்கள் அதிகம் பேசுவதில்லை. செம்பனை லாரிகள் போகும் செம்மண் பாதைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால், காந்தத்தில் ஒட்டும் வடிகட்டி உள்ள கேசிங்காகப் பாருங்கள். திருகைக் கழற்றித்தான் எடுக்க முடியும் என்றால் யாரும் அதைக் கழுவ மாட்டார்கள். உள்ளிழுக்கும் ஃபேன்கள் வெளித்தள்ளும் ஃபேன்களைவிட அதிகமாக இருந்தால், சந்துகள் வழியாக நுழையும் தூசு குறையும். எறும்பை எந்த வடிகட்டியும் முழுதாகத் தடுக்காது. பல்லியைத் தடுக்கலாம், பின்பக்கத்தில் பயன்படாத ஸ்லாட்டுகளுக்கு மூடி போடுவதை மட்டும் மறந்துவிடாதீர்கள். உலோகக் கேசிங்கைத் தொட்டால் சுரீரென்று உறுத்துகிறது என்றால் கேசிங்கில் குற்றம் தேடாதீர்கள். பழைய வீடுகளில் நில இணைப்பு அறுந்திருக்கக்கூடும், மின்பணியாளரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கும்போது, ஷோப்பியிலோ லசாடாவிலோ விற்பவர் மலேசியாவுக்குள் இருந்து அனுப்புகிறாரா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு என்பதால், மலிவாகத் தெரிந்த விலை கடைசியில் உள்ளூர் விலைக்கே வந்துவிடலாம். நசுங்கி வந்தால் திருப்பி அனுப்பும் செலவும் அலைச்சலும் தனி. கோலாலம்பூர் போகிறவர்கள் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் ஒருமுறை கேசிங்கைக் கையில் தூக்கிப் பார்ப்பது நல்லது. அதற்கு வழியில்லாதவர், கால்கள் உட்பட வெளி அளவுகளுக்கு ஓர் அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டி, வைக்கப்போகும் இடத்தில் வைத்து, பின்னால் கம்பிகளுக்கும் சூடான காற்று வெளியேறவும் ஒரு சாண் இடம் மிஞ்சுகிறதா என்று பார்க்கட்டும். சுமக்கப்போகிறவர் அதே அட்டையைப் பைக்குள் நுழைத்துப் பார்க்கட்டும்.

கேசிங் வந்து சேர்ந்ததும், பெட்டியைத் திறப்பதிலிருந்து நான்கு மூலைகளையும் காணொளியாக எடுத்துவையுங்கள். பாகங்களை ஏற்றி முடித்த பிறகு, திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் ஒரு பிற்பகலில், எல்லாக் கதவுகளையும் மூடி, கனமான ஓர் ஆட்டத்தை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ரைசன் 7000 வரிசைப் பிராசசர் 95 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்பட்டது. ஆட்டத்தின்போதே அது அந்த எல்லையில் ஒட்டிக்கொண்டு நின்றால், ஒரு பக்கக் கதவைக் கழற்றி மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். வெப்பம் சட்டென்று பத்து டிகிரி இறங்கினால் அந்தக் கேசிங் உங்கள் அறைக்குப் போதாது, திருப்பிக் கொடுத்து அடுத்த அளவை எடுங்கள். கதவைக் கழற்றியும் இறங்கவில்லை என்றால் கேசிங் சரிதான், கூலரைத்தான் மாற்ற வேண்டும்.