வீஎம் ஓடும்போதே ஹோஸ்டைக் கவிழ்த்துப் பார்ப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் சேர்வர் வைத்துக்கொண்டு கரண்ட் போகாது என்று நம்பியிருக்க முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டியதால்தான் நாடு முழுக்கக் கரண்ட் நின்றது என்று அமைச்சரே சொன்னார். ஆகவே வீஎம்கள் (ஒரு கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள்) ஓடும்போதே, அவற்றைத் தாங்கும் கணினியான ஹோஸ்டை நாமே கவிழ்த்து, எழுதிய தரவு தப்புகிறதா என்று பார்த்துவிடுவோம். லினக்ஸில் வீஎம் ஓட்ட உதவும் கேவிஎம், வீஎம்களை நிர்வகிக்கும் லிப்வேர்ட் இரண்டையும் வைத்துச் சொல்கிறேன். தரவு போனாலும் கவலையில்லாத மெஷினில் மட்டும் செய்யுங்கள்.

முதலில் ஒரு சாட்சி வேண்டும். வீஎம்முக்குள் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று 1, 2, 3 என்று எண்களைக் கோப்பில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் (நினைவகத்தில் வைத்திராமல் டிஸ்கிலேயே எழுதிவிடு என்ற கட்டளை) செய்து, அது முடிந்த பிறகே அந்த எண்ணை உங்கள் லேப்டொப்புக்கு அனுப்பட்டும். ஹோஸ்ட் விழுந்து எழும்பியதும் கோப்பின் கடைசி எண்ணைப் பாருங்கள். லேப்டொப்பில் உள்ளதைவிட ஒன்று கூடியிருந்தால் பரவாயில்லை, குறைந்திருந்தால் நடுவில் ஏதோ ஒன்று 'எழுதிவிட்டேன்' என்று பொய் சொல்லியிருக்கிறது.

ஒழுங்கான ஷட்டவுன் சோதனை சுலபம்: லிப்வேர்ட்-கெஸ்ட்ஸ் சேவை வீஎம்களை அணைத்து முடிக்கும்வரை யூபிஎஸ் பற்றரி தாங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வீஎம்மை ஓட்டும் கீமு புரொசஸை மட்டும் கில் செய்து பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுப்பவர்களும் உண்டு. அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. வீஎம்மின் டிஸ்க் கேஷ் 'அன்சேஃப்' (எஃப்சிங்க்கைக் கண்டுகொள்ளாத அமைப்பு) என்று இருந்தால்கூட தரவு ஹோஸ்ட் கேர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நினைவகத்தில் பத்திரமாகக் கிடக்கும், சோதனை பாஸ். அதனால் கேர்னலையே விழுத்துங்கள்: ரூட்டாக, ப்ராக் அடைவிலுள்ள சிஸ்ஆர்கியூ-ட்ரிகர் கோப்பில் சி என்ற ஆங்கிலச் சிறிய எழுத்தை எழுதினால் அந்த நொடியே கிராஷ். கேடம்ப் (கிராஷ் ஆனால் நினைவகத்தைப் பிரதியெடுக்கும் வசதி) போட்டிருந்தால் டம்ப் எடுத்துவிட்டு ரீபூட் ஆகும். அதுவும் இல்லாமல், கிராஷுக்குப் பின் எத்தனை நொடியில் ரீபூட் ஆவது என்று சொல்லும் கேர்னல் டொட் பானிக் மதிப்பும் 0 என்றால் அப்படியே உறைந்து நிற்கும், நேரில் போய்த்தான் எழுப்ப வேண்டும்.

சரி, இதிலும் எண் தப்பியதா? இன்னும் நம்பாதீர்கள். கேர்னல் விழுந்தாலும் டிஸ்கிற்குக் கரண்ட் இருந்தது, அதன் உள்கேஷ் ஆறுதலாக எழுதி முடித்திருக்கும். மலிவான எஸ்எஸ்டியின் சாயம் வெளுப்பது பிளக்கைக் கழற்றும்போதுதான். யூபிஎஸ்ஸிலிருந்தே கழற்றுங்கள், கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் குத்துங்கள். பயோஸில் கரண்ட் வந்ததும் தானே ஒன் ஆகும்படியும், லிப்வேர்ட்டில் வீஎம்களுக்கு ஓட்டோஸ்டார்ட்டும் போட்டிருக்க வேண்டும்.

அப்புறம், கரண்ட் வந்து உடனே மறுபடி போவது நமக்குப் புதிதில்லையே, வீஎம்கள் பூட் ஆகிக்கொண்டிருக்கும்போது இன்னொருமுறை கழற்றுங்கள்.