கேட்டுல கூட்ஸ் வண்டி மறிக்குதா? மனு எழுதறதுக்கு முன்னாடி இத பாத்துக்கோங்க

சேலத்துல கேட் போட்டா வண்டிய ஆஃப் பண்ணிட்டு கூட்ஸ் பெட்டி எண்றது நமக்கு சின்ன வயசுல இருந்து பழக்கம், போன வாரம் நான் எண்ணுனது 58. நிலக்கரி ஏத்தற பாக்ஸ்என் வேகன் ஒண்ணு 10.7 மீட்டர்ங்க, அப்ப வேகன் மட்டுமே 620 மீட்டர், மணிக்கு 20 கிலோமீட்டர்ல ஊந்து போனா கேட்ட தாண்ட கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம். 2022 ஆகஸ்ட் 15ல சத்தீஸ்கர்ல ஓட்டுன சூப்பர் வாசுகிங்கற கூட்ஸ் ரயில் 295 வேகன், 3.5 கிலோமீட்டர், அது நம்ம கேட்டுல இதே வேகத்துல வந்தா பத்து நிமிஷம் தாண்டிரும், டீ குடிச்சுட்டே வரலாம்.

உடனே "தமிழ்நாடு அரசு ரயில் நீளத்துக்கு லிமிட் போடணும்"னு மனு எழுதிடாதீங்க. ரயில்வே அரசியல் சட்டத்தோட மத்திய பட்டியல்ல 22வதா இருக்கு, ஸ்டேட் கை வைக்க முடியாது. அமெரிக்காலயே அரிசோனா மாநிலம் 1912ல பாதுகாப்புக்குனு சொல்லி கூட்ஸுக்கு 70 பெட்டி, பாசஞ்சருக்கு 14 பெட்டினு சட்டம் போட்டுச்சு, எல்லைக்கு எல்லை பெட்டிய கழட்டி மாட்டிட்டே இருக்க முடியுமானு பாத்துட்டு 1945ல அங்க சுப்ரீம் கோர்ட் அத தூக்கிருச்சு.

நாம கேக்க வேண்டியது பாலம். ஒரு கேட்டுக்கு பாலம் வருமானு பாக்கறதுக்கு டிவியூ (ட்ரெயின் வெஹிக்கிள் யூனிட்)னு ஒரு கணக்கு இருக்கு, ஒரு நாள்ல போற ரயில் எண்ணிக்கைய ரோட்டு வண்டி யூனிட்டால பெருக்கணும், கார் லாரின்னா ஒரு யூனிட், டூவீலருக்கு கம்மி. 1 லட்சம் வந்தா ரயில்வேயும் மாநிலமும் செலவ பங்கு போட்டு மேம்பாலம் கட்றதுக்கு அந்த கேட் தகுதி. 40 ரயில், 2,500 யூனிட் இருந்தாலே வந்துருச்சு பாருங்க.

முதல்ல கேட் நம்பர குறிச்சுக்கோங்க, இது இல்லாத மனு குப்பைக்கு தான். 10 ரூபாய் கட்டி ரயில்வேக்கு ஆர்டிஐ போட்டு கடைசியா எடுத்த டிவியூ எவ்ளோன்னு கேளுங்க, 30 நாள்ல பதில் சொல்லணும். நடுவுல ஒரு வாரம் கேட் மூடுன நேரம், திறந்த நேரம் ரெண்டையும் போன்ல போட்டோ எடுத்து வைங்க, எங்க சித்தப்பா டைரில எழுதிட்டு போனாரு, "இதுக்கு என்ன ஆதாரம்"னு ஒரே கேள்வில திருப்பி அனுப்பிட்டாங்க. எல்லாம் கைக்கு வந்ததும் ஒரு காப்பி டிஆர்எம் (ரயில்வே கோட்ட மேலாளர்) ஆபீஸுக்கு, ஒண்ணு திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள்ல, ஒண்ணு எம்பிக்கு.

அப்புறம் நின்ன கூட்ஸ் தானேன்னு அடில குனிஞ்சு போற வேலை மட்டும் வேண்டாங்க. இன்ஜின் இழுத்ததும் கப்ளிங் ஒவ்வொண்ணா டடங் டடங்னு பின்னாடி ஓடி வரும், அந்த சத்தம் உங்க தலைக்கு மேல கேக்கறப்பவே சக்கரம் நகந்திருக்கும்.