கச்சான் காற்றில் ஆற்று முகத்துவாரத்தில் கைட் சேர்பிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று நீரில் சறுக்கும் கைட் சேர்பிங் என்றதும் நம் இலங்கையில் எல்லோருக்கும் கற்பிட்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் கிளம்பும்போது மூதூர்ப் பக்கம் மகாவலி முகத்துவாரத்தில் நின்று பாருங்கள். விரிந்த நீர்ப்பரப்பு, விடாமல் அடிக்கும் காற்று. இறங்கினால் என்ன என்று யாருக்கும் ஆசை வரும்.

அந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. காற்றின் வேகத்தைப் பார்க்கிறோம், திசையைப் பார்ப்பதில்லை. கச்சான் தென்மேற்கிலிருந்து வருவது. கிழக்குக் கரையில் அது தரையிலிருந்து கடலுக்குத்தான் அடிக்கும். மகாவலியும் வடக்கு முகமாக ஓடித்தான் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. ஆக, காற்றும் நீரும் உங்களை ஒரே பக்கமாக, வெளியே தள்ளும். பட்டம் நீரில் விழுந்து, அதை மறுபடி எழுப்ப முடியாமல் போனால் குடாவுக்குள் இழுபட்டுப் போவீர்கள். குடாவுக்கு அப்பால் வங்கக் கடல்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் ஹூட் ரிவர் என்ற ஊர் இருக்கிறது. ஆற்றில் கைட் சேர்பிங் செய்வதற்கு உலகமே அறிந்த இடம். அங்கே ஆறு மேற்கே பசிபிக்கை நோக்கி ஓடுகிறது, கோடைக் காற்றோ மேற்கிலிருந்து எதிர்த்து வருகிறது. காற்று தள்ளிய தூரத்தில் ஒரு பகுதியை நீரோட்டம் மீட்டுத் தந்துவிடும். அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு ‘ஆறுதானே, கடலைவிடப் பாதுகாப்பு’ என்று இங்கே இறங்குவது ஆபத்து. அங்கே கைகொடுக்கும் நீரோட்டம் இங்கே கச்சானோடு கூட்டுச் சேர்ந்துவிடுகிறது.

அப்படியானால் வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும் காலம் நல்லதா? வாடை கரைக்குத் தள்ளும் என்பது உண்மை. ஆனால் அதே மாதங்களில்தான் மகாவலி பெருக்கெடுக்கும். கலங்கல் நீருக்குள் மரக்கட்டைகள் வருவது கண்ணுக்குத் தெரியாது. பாயும் வெள்ளத்தை எதிர்க்காற்று முட்டும் இடத்தில் அலை குட்டையாக, செங்குத்தாக எழும்பும். புதிதாகப் பழகுகிறவர்கள் அந்த நாட்களில் முகத்துவாரத்துக்குப் போகவே வேண்டாம்.

இறங்குமுன் நீரோட்டத்தை அறிய ஒரு தேங்காய் மட்டையை எறிந்து, அது போகும் போக்கை ஐந்து நிமிடம் கவனியுங்கள். கரையில் வலை பொத்துகிறவரிடம் “காக்கா, இண்டைக்கு இழுவை எந்தப் பக்கம்?” என்று கேளுங்கள். வலையும் கம்பும் எங்கே நட்டிருக்கிறது என்பதையும் அவரே காட்டுவார். முதலை நடமாட்டத்தையும் கேட்க மறக்காதீர்கள். மகாவலியில் அது விளையாட்டான கேள்வி அல்ல.

அடுத்தது பட்டத்தின் அளவு. காற்றின் வேகம் கூடும்போது இழுவிசை அதன் வர்க்கத்துக்கேற்பக் கூடும். மணிக்கு 30 கி.மீ. காற்று 40 ஆனால் வேகத்தில் மூன்றிலொரு பங்குதான் அதிகம், இழுவையோ ஏறக்குறைய 1.8 மடங்கு. கச்சான் ஒரே சீராக வருவதில்லை, வீச்சு வீச்சாக அடிக்கும். சராசரிக் காற்றுக்குத் தோதான பட்டத்தை ஏற்றினால் பெரிய வீச்சு வரும்போது அதை அடக்க முடியாது. சந்தேகம் இருந்தால் சின்னதையே ஏற்றுங்கள்.

தென்னை, பனைகளுக்குப் பின்னால் நின்று பட்டம் ஏற்றுவதும் அடிக்கடி நடப்பது. கச்சான் தரைக்கு மேலாக வருவதால் மரங்களைக் கடந்த காற்று வெகுதூரத்துக்குக் குழம்பியே இருக்கும். பட்டம் ஒரு கணம் தொய்ந்து, அடுத்த கணம் வெட்டி இழுக்கும். கயிறே இருபது மீற்றருக்கு மேல் நீளம். ஆகவே காற்று போகும் பக்கம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வெறும் இடம் வேண்டும். பட்டத்தைத் தலைக்கு மேலே நிறுத்திக்கொண்டு கரையில் நின்று கதைப்பதை அறவே விடுங்கள். ஒரு வீச்சு போதும், ஆளையே தூக்கிவிடும்.

பட்டத்தின் இழுவையை உடனே விடுவிக்கும் பிடியான குயிக் ரிலீஸை நீரில் இறங்கித்தான் தேடுவது என்று இருக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால், கரையிலேயே பல தடவை இழுத்துப் பழகுங்கள். உப்பும் மணலும் ஏறினால் அது இறுகும், ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஓடும் நீரில் கயிறு கம்பில் சிக்கினால் ஆற்றின் இழுவை முழுதும் உங்கள் இடுப்பில் விழும். அப்போது கயிறறுக்கும் கத்தி, பட்டத்தோடு உங்களைப் பிணைக்கும் இடுப்புப் பட்டையான ஹார்னஸில் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். உயிர்காப்பு அங்கி, தலைக்கவசம் இல்லாமல் இறங்கவே கூடாது.

காற்று செத்துப் பட்டம் விழுந்தால், அது எதிலும் சிக்காதவரை அதை விட்டுவிட்டு நீந்த முனையாதீர்கள். இழுவையை விடுவித்து, கயிற்றைக் கைப்பிடித் தண்டில் சுற்றிக்கொண்டே பட்டத்தை அடையுங்கள். காற்று நிரப்பிய பட்டம் ஆளைத் தாங்கும், தேடி வரும் வள்ளத்துக்கும் தூரத்திலேயே தெரியும். அந்த வள்ளத்தை முன்கூட்டியே பேசி, இயந்திரத்தோடு தயாராக வைத்துவிட்டுத்தான் நீரில் இறங்க வேண்டும்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் கடற்படையின் பகுதிகள் இருக்கின்றன, அனுமதி கேட்காமல் கிட்டப் போகாதீர்கள். பட்டத்தின் ஓரத்தில் அழியாத மையால் கரையில் நிற்கும் ஒருவருடைய தொலைபேசி இலக்கத்தை எழுதிவையுங்கள். ஆளில்லாமல் மிதக்கும் பட்டத்தைக் கண்டெடுக்கிற மீனவர், நீங்கள் கரை சேர்ந்தீர்களா என்று உடனே கேட்டறியலாம்.