ருசியை விட்டுக்கொடுக்காமல் உப்பையும் எண்ணெயையும் குறைப்பது எப்படி?

உணவுக் கட்டுப்பாடு என்று முடிவெடுத்த மறுநாளே உப்பில்லாக் கஞ்சி, வேகவைத்த காய், எண்ணெய் படாத சப்பாத்தி என்று சமையலையே மாற்றிவிடுகிறவர்கள், பெரும்பாலும் சில வாரங்களில் பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். நாக்குக்குப் பிடிக்காததை ஆண்டுக்கணக்கில் எவராலும் சாப்பிட முடியாது. ஆகவே சாம்பார், ரசம், பொரியல், கூட்டு என்ற வழக்கமான சமையலை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றில் சேரும் உப்பு, எண்ணெய், அரிசி ஆகியவற்றின் அளவையும், அவற்றைச் சேர்க்கும் நேரத்தையும் மாற்றுவதே வெகுகாலம் நிலைக்கக்கூடிய வழி.

முதலில், வீட்டில் இப்போது எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு இது மாதம் 600 கிராம் ஆகிறது. அதே வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் மாதக் கடைசிக்குள் தீர்ந்துபோகிறது என்றால் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது என்று பொருள். ஊறுகாய், அப்பளம், வெளியில் வாங்கும் மிக்சர் ஆகியவற்றின் உப்பு இந்தக் கணக்கில் வரவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எண்ணெய்க்கும் இதே கணக்குதான். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2000 கலோரி உணவுக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று குறிப்பிட்டிருக்கிறது. நால்வருக்கு மாதம் ஏறக்குறைய மூன்றரை லிட்டர். மளிகைச் சீட்டைப் பார்த்தாலே நாம் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

உப்பை ஒரே நாளில் பாதியாக்கினால் வீட்டில் சண்டைதான் வரும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தால், இரண்டு மூன்று மாதங்களில் நாக்கு புதிய அளவுக்குப் பழகிவிடுகிறது. அதன்பின் பழைய அளவில் சமைத்த குழம்பு கரிக்கத் தொடங்கும். எதில் குறைப்பது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. இட்லியில் உப்பு குறைந்தால் சட்னி காப்பாற்றிவிடும், சட்னியில் குறைந்தால் எதுவும் காப்பாற்றாது. எனவே சோறு வடிக்கும் தண்ணீர், சப்பாத்தி மாவு, தோசை மாவு, வேகும் பருப்பு ஆகிய இடங்களில் முதலில் கை வைக்க வேண்டும். பொரியலுக்கு உப்பைத் தொடக்கத்திலேயே போடாமல் இறக்கும் தருவாயில் தூவினால், அது காயின் மேற்பரப்பிலேயே தங்கி நாக்கில் முதலில் படும். ஆகவே குறைவாகவே தேவைப்படும்.

உப்பு குறைந்த இடத்தைப் புளிப்பு நன்றாகவே நிரப்பும். ரசத்தில் புளியோடு பழுத்த நாட்டுத் தக்காளி ஒன்றைக் கூடுதலாகக் கரைத்துவிடுவது, பருப்பில் மாங்காய்த் துண்டு போடுவது, சுண்டலை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிவது எல்லாம் இதற்கு உதவும். எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்கவிட்டால் மணம் போய்விடும் என்பதால் அடுப்பை அணைத்த பிறகே சேர்க்க வேண்டும். இந்துப்புக்கு மாறிவிட்டேன், இனிக் கவலையில்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அளவு அதற்கும் பொருந்தும். சோடியம் குறைத்துப் பொட்டாசியம் சேர்த்த உப்பை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

எண்ணெயைப் பொறுத்தவரை நமக்குள்ள பெரிய சொத்து தாளிப்பு. கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை ஆகியவற்றின் மணப்பொருள்கள் எண்ணெயில் கரைபவை. அதனால்தான் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஒரு பாத்திரம் சாம்பார் முழுவதற்கும் மணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. குழிவான சிறிய இரும்புக் கரண்டியில் எண்ணெயை நன்றாகக் காயவைத்து, கடுகு வெடித்து அடங்கியதும் தீயைக் குறைத்து, உளுத்தம்பருப்பு பொன்னிறமாகும்போது மிளகாய் வற்றலையும் பெருங்காயத்தையும் போட்டு, கடைசியாகக் கறிவேப்பிலையைப் போட்டு, அது படபடத்து ஓய்வதற்குள் குழம்பில் கொட்டி உடனே மூடிவிட வேண்டும். வெடிக்காத கடுகும் கசக்கும், கருகிய கடுகும் கசக்கும். அகலமான வாணலியில் இதையே செய்தால் எண்ணெய் பரவிவிடுவதால் கடுகு மூழ்குவதற்கே இரண்டு மூன்று மடங்கு தேவைப்படும்.

பொரியலிலும் இந்த வரிசையை மாற்றிப் பார்க்கலாம். பீன்ஸ், கோஸ், கேரட் போன்றவற்றை எண்ணெயில் வதக்கத் தொடங்காமல், தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்து, நீர் வற்றியதும் மேலே தாளித்துக் கொட்டி ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல் சேர்த்தால், எண்ணெய் குறைந்தது யாருக்கும் தெரியாது. கத்தரிக்காய் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால் அதை ஆவியில் முக்கால் வேக்காடு வேகவைத்துப் பிறகு வதக்க வேண்டும். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து ஈரமில்லாமல் நறுக்கி, இரும்புத் தோசைக்கல்லில் ஒரே அடுக்காகப் பரப்பி, கொழகொழப்பு போன பிறகே உப்புப் போட வேண்டும். உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தேவை எண்ணெயைவிடப் பொறுமை: தோலோடு வேகவைத்து முழுவதும் ஆறிய கிழங்கை நறுக்கி, சிறு தீயில் கால் மணி நேரம் கிளறாமல் புரட்டிப் புரட்டி விட்டால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே மொறுமொறுப்பு வந்துவிடும்.

வத்தக்குழம்பு மட்டும் இதற்கெல்லாம் கட்டுப்படாது. நல்லெண்ணெய் மிதக்காத வத்தக்குழம்பைச் செய்வதற்குப் பதில், மாதம் இரண்டு முறை முறையாகச் செய்து சாப்பிடுவதே மேல் என்பது என் கருத்து.

பொடிகளையும் கவனிக்க வேண்டும். அரைத்த மல்லியும் சீரகமும் டப்பாவில் இருக்க இருக்க மணத்தை இழக்கின்றன. மணம் குறைந்த பொடியை ஈடுகட்டத்தான் கை தானாக உப்பையும் எண்ணெயையும் கூட்டுகிறது. ஆறு மாதத்துக்கு மில்லில் அரைத்து வைப்பதை விட்டு, மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வெறும் வாணலியில் தனித்தனியாக வறுத்து அரைப்பது நல்லது. மிளகு, சீரகம், பூண்டு ஆகியவற்றை ரசத்துக்கு அன்றன்றே தட்டிப் போட வேண்டும்.

சோற்றின் அளவைக் குறைப்பதற்கு, காயின் அளவைக் கூட்டுவதுதான் எளிதான உபாயம். மேலே சொன்ன வழிகாட்டுதலின்படி கீரையும் காயும் சேர்ந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் வேண்டும். நம் வீடுகளில் இரண்டு கரண்டி பொரியலோடு அது முடிந்துபோகிறது. மதியம் ஒரு பொரியலும், பாசிப்பருப்புப் போட்ட கூட்டும், இரவில் ஒரு கீரையும் என்று வைத்துக்கொண்டு, காயைத் தட்டில் முதலில் பரிமாறிவிட்டு மீதி இடத்தில் சோறு போட்டால் அளவு தானாகக் குறையும். சாமை, வரகு, தினை நல்லவைதான், ஆனால் அவையும் தானியமே. இரண்டு தட்டு சாமைச் சாதம் சாப்பிட்டுவிட்டு அரிசியைக் குறைத்ததாகச் சொல்ல முடியாது. வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் அப்படியே. சர்க்கரைக்கு இல்லாத மணம் அவற்றுக்கு இருப்பதால் சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் குறைவான இனிப்பில் பாயசம் செய்யலாம் என்பது ஒன்றே ஆதாயம்; நீரிழிவு உள்ளவர்களுக்கு அவையும் சர்க்கரைதான்.

பண்டிகைக்கு வடையும் முறுக்கும் சுடாமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். சிறிய, குழிந்த வாணலியில் கொஞ்சமாக எண்ணெய் ஊற்றித் தொகுதி தொகுதியாகச் சுட்டால் மிச்சம் குறைவாக இருக்கும். அந்த மிச்சத்தைத் திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரிக்காமல், வடிகட்டி வைத்து அடுத்த ஓரிரு நாள் தாளிப்புக்கே தீர்த்துவிட வேண்டும்.